ஏழேகால் வண்டியில் ரோஷன் பீவி

இடது கை விரல்களைக் குழலாகச் சுருட்டி, அதன் ஒரு வாயில் முட்டையைப் பொருத்தி, மறு வாயில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கிறார் ரோஷன் பீவி. இன்னொரு கண் மூடியிருக்கிறது. அந்தப் பக்கத்து உதடும் கூடவே மேலே ஏறிக்கொள்கிறது. முட்டை தெளிவாக இருந்தால் கூடைக்குப் போகும், சந்தேகமாக இருந்தால் மடிக்குப் போகும். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்தவரின் முகத்துக்கு நேரே நீட்டி, "இன்னாய்யா, உள்ள குஞ்சு கால நீட்டிப் படுத்துகினு கீது, இத்தப் போயி முட்டைன்னு எடுத்தாந்துகீறியே" என்பார். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறரை மணிக்கு இந்த வசனத்தைக் கேட்காமல் யாரும் டீ குடித்து முடிக்க முடியாது.

பூஞ்சேரி பக்கத்திலிருந்து முட்டை கொண்டுவருகிறவர்கள் திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தபடியே போகிறார்கள். மறுநாளும் அவரிடம்தான் வருகிறார்கள். நல்ல முட்டையைக் கெட்டது என்று பீவி ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் மாமல்லபுரத்தில் குடியிருந்துகொண்டு செங்கல்பட்டில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறவன். என் மனைவி சரோஜா இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு இந்த ஊர், எனக்கு அந்த ஊர் என்று ஆகிவிட்டதால் ஐந்து வருஷமாக ஏழேகால் வண்டிதான் எனக்குப் பாதி வீடு. வாரத்தில் இரண்டு நாள் அந்த வண்டியில் பீவியும் வருவார். நூறு முட்டையும் வைக்கோலுமாக ஒரு மூங்கில் கூடை மடியில் இருக்கும். செங்கல்பட்டு மார்க்கெட்டில் அதை இறக்கிவிட்டு மத்தியான வண்டியில் திரும்பிவிடுவார்.

மற்ற நாட்களில் அவருடைய முட்டைகள் கடற்கரை ஓரத்து ஓட்டல்களுக்குப் போகின்றன. அங்கே தலைமுடியைத் தோள்வரை வளர்த்துக்கொண்டு மணலில் மல்லாந்து கிடக்கும் வெள்ளைக்காரர்கள்தான் அவருக்குப் பெரிய வாடிக்கை. "நாஸ்தாவுக்கும் ஆம்லெட்டு, மத்தியானத்துக்கும் ஆம்லெட்டு. அவனுங்க ஊர்ல கோழியே கெடையாதா தம்பி?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ஆபீஸில் வேலை பார்க்கிறவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

வயது நாற்பத்திரண்டு இருக்கும். உயரம் குறைவு, குரல் அதற்கும் சேர்த்து அதிகம். தலையில் போட்ட முந்தானை கடல் காற்றிலும் நழுவாது. காலில் ஆண்கள் போடும் டயர் செருப்பு. டீயைத் தட்டில் ஊற்றி, மூன்று உறிஞ்சில் முடிப்பார். முட்டையை மட்டும் வாயில் வைக்க மாட்டார். "நாள் பூரா அதும் மூஞ்சியப் பாத்துகினு கீறேன், அத்தப் போயி துன்னுவேனா?" என்பார்.

சாலைகளையும் டிரைவர்களையும் அவர் எடைபோடுவது உடைந்த முட்டைகளை வைத்து. செங்கல்பட்டில் இறங்கியதும் வைக்கோலை விலக்கிப் பார்த்து, "மூணு. குன்றத்து வளைவுல ரெண்டு, ரயில்வே கேட்டாண்ட ஒண்ணு" என்று அறிவிப்பார். எது எங்கே உடைந்தது என்று எப்படித் தெரியும் என்று கண்டக்டர் வாசுதேவன் ஒரு தடவை கேட்டுவிட்டார். "மடியில வச்சிகினு வரேன்யா, எனுக்குத் தெரியாதா?" என்று பதில் வந்தது. அதிலிருந்து டிரைவரே இறங்கி வந்து, "இன்னிக்கு எத்தினி பீவிம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் பீடி பற்ற வைக்கிறார். ஒன்றும் உடையவில்லை என்றால் அன்று முழுக்க டிரைவர் முகத்தில் ஒரு களை.

இன்னொரு பழக்கமும் உண்டு. யார் எதைச் சொன்னாலும், "சொன்னாங்களா, பாத்தாங்களா?" என்று கேட்பார். மழை வரும் என்று ரேடியோவில் சொன்னதாக ஒருவர் சொன்னால், "ரேடியோக்காரன் வெளிய வந்து பாத்தானா?" என்பார். இந்தக் கேள்வியால் பஸ்ஸில் பல பேருடைய நல்ல கதைகள் பாதியில் நின்றுபோயிருக்கின்றன. என்னுடையவையும் அதில் அடக்கம்.

கணவர் கைலி வியாபாரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பீவிக்கு மிஞ்சியது ஓட்டு வீடு, ஏழு வயதுப் பெண் சுராயா, மெட்ராஸ் மண்ணடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அண்ணன் ஷஃபியுல்லா. அண்ணன் தங்கையைக் கைவிடவில்லை. மாதம் ஒரு தடவை வந்து போனார். ரேஷன் கார்டு, வீட்டு வரி, பள்ளிக்கூடத்துத் தாள் என்று எது வந்தாலும் கார்டியன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். "எங்க அண்ணன் கையெழுத்துலதான் எங்க வூட்டுக் கூரையே நிக்கிது" என்று பீவி பெருமையாகச் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இப்போது அந்தக் கையெழுத்தில்தான் வந்து நிற்கிறது விஷயம்.

சுராயா இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்துவிட்டாள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. சரோஜா அந்த இரண்டு மார்க் எங்கே போயிற்று என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். பெண் மேலே படிக்க வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் தகராறு இல்லை. எங்கே என்பதில்தான் தகராறு. மெட்ராஸில் பேர் போன பெண்கள் கல்லூரி ஒன்றில் மாமா சொல்லி வைத்திருந்தார். மாமா வீட்டிலேயே தங்கிப் படிக்கலாம். இல்லையென்றால் செங்கல்பட்டில் அரசாங்கக் கல்லூரி. காலையில் ஏழேகால் வண்டியில் போய் மாலையில் வீடு திரும்பலாம்.

பஸ்ஸில் இதற்கு ஒரு மாநாடே நடந்தது. வாசுதேவன் மெட்ராஸ் கட்சி. "பீவிம்மா, அந்தக் காலேஜு பேரச் சொன்னாலே வேலை குடுப்பான். கவர்மெண்டு காலேஜு வேற எடம் கெடைக்காதவன் போற எடம்" என்றார். பீவி உடனே, "சொன்னாங்களா, பாத்தியா?" என்றார். வாசுதேவன் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். பின் சீட்டில் ஒருவர், வயசுப் பெண் ஆம்பளைப் பிள்ளைகளோடு தினம் பஸ்ஸில் போய் வருவதாவது என்றார். இன்னொருவர், போன மாசம் மாதிரி ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தால் மெட்ராஸில் இருக்கிற பெண்ணை எப்படிப் போய்ப் பார்ப்பது என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு யோசனை சொல்வதில் நமக்குச் செலவு ஒன்றுமில்லையே.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. ஷஃபியுல்லாவுக்கு ஒரே மகன். கடையைப் பார்த்துக்கொள்கிறான். நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமா வீட்டுக்குப் படிக்கப் போகிற பெண் நாலு வருஷம் கழித்து அந்த வீட்டு மருமகளாகத்தான் இருப்பாள் என்பது இரண்டு வீட்டிலும் பேசாமலே முடிவான காரியம்.

பீவி முதலில் மெட்ராஸுக்குப் போனார். அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தங்கி, அந்தக் கல்லூரிக்கு நடந்தே போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபின் ஏழேகால் வண்டியில் நான் கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "காலேஜு ஒசத்தி தம்பி. அதுல பொய் சொல்லக்கூடாது. கண்ணாடி வச்ச பீரோவுல சாமான் அடுக்கி வச்சிகீறாங்க பாரு, ஆஸ்பத்திரி தோத்துது. பொண்ணுங்க இங்கிலீசுலயே சண்ட போட்டுக்குதுங்க." கூடையைத் தடவிக்கொண்டார். பிறகு, "எங்க மதினி பக்கத்து வூட்டுக்காரம்மாகிட்ட, எங்க மருமவ வரப்போறா, இந்தக் கட்டில்ல படுப்பா, இந்த அலமாரில துணி வைப்பான்னு காட்டிகினு கீறாங்க. அவ காலேஜுலகூட இன்னும் சேரல. மருமவளா சேந்துட்டா" என்றார்.

அடுத்தபடியாகச் செங்கல்பட்டு. இதில்தான் பீவி பீவியாக இருந்தார். பதினோரு நாள், ஞாயிறு தவிர, ஏழேகால் வண்டியில் தானே கல்லூரிக்குப் போய் வருவது என்று தீர்மானித்தார். வியாபாரம்? அதுவும் கூடவே. வழக்கமாக உட்காரும் ஜன்னலோரச் சீட்டை விட்டுவிட்டு, காலேஜ் பெண்கள் நான்கைந்து பேர் நிற்கிற நடுவழியில் போய், முட்டைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "ஏன் பீவிம்மா, சீட்டுதான் காலியா கீதே" என்றார் வாசுதேவன். "எம்பொண்ணுக்குக் கெடைக்குமாய்யா தெனம்? அவ நிக்கிற எடத்துல நான் நின்னு பாக்கறேன். நீ வேலையப் பாரு" என்றார் பீவி.

முதல் நாள் ஒன்பது முட்டை போயிற்று. இரண்டாம் நாள் ஏழு. கால்வாய்ப் பாலத்தில் கொஞ்சம், குன்றத்து வளைவில் மிச்சம். "நிக்கிறதுக்கு ஒரு பழக்கம் வோணும். சுராயாவுக்கு ரெண்டு நாள்ல வந்துடும், சின்ன ஒடம்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான்காம் நாள் இரண்டுதான் உடைந்தது. டிரைவருக்கும் பயம் வந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் நடந்ததை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், எனக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை என்றாலும். குன்றத்து நிறுத்தத்தில் ஏறிய வாலிபன் ஒருவன், கோடு போட்ட பெல்பாட்டம், கையில் ஒரே ஒரு நோட்டு, பஸ் ஆடும்போதெல்லாம் தானும் ஆடி முன்னால் நின்ற பெண்ணின் மேல் சாய்ந்துகொண்டே வந்தான். அந்தப் பெண் நகர்ந்தாள். அவனும் நகர்ந்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பேப்பரில் அரிசி விலையை மிகுந்த அக்கறையோடு படித்தேன். என்னைச் சுற்றி எல்லோரும் அவரவர் பேப்பரையோ ஜன்னலையோ படித்தார்கள்.

பீவி அவன் பக்கம் திரும்பினார். கத்தவில்லை. "தம்பி, கொஞ்சம் புடி" என்று நூறு முட்டைக் கூடையைத் தூக்கி அவன் இரண்டு கைகளிலும் வைத்துவிட்டார். அவன் நோட்டைக் கீழே போட்டுவிட்டு ஏந்திக்கொண்டான். வேறு என்ன செய்வான்? "கீழ வைக்கக்கூடாது. சாயக்கூடாது. ஒண்ணு ஒடஞ்சாலும் உன் காலேஜுக்கு வந்து, உங்க வாத்தியாருகிட்ட நிக்க வச்சி, எப்டி ஒடஞ்சுதுன்னு நானே சொல்லுவேன்" என்றார்.

அங்கிருந்து செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு வரை அவன் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். கம்பியைப் பிடிக்கக் கையில்லை. பஸ் குலுங்கும்போது உடம்பை வளைத்து, மூச்சைப் பிடித்து, கூடையைக் காப்பாற்றினான். நெற்றி வியர்வை மூக்கில் இறங்கி சொட்டுச் சொட்டாக வைக்கோலில் விழுந்தது. துடைக்கவும் கையில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பஸ் முழுக்க, "பாத்து, பாத்து" என்றது. கால் மணிக்கு முன்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள்தான், இப்போது எல்லோருக்கும் வீரம். அந்தப் பெண் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். கொளவாய் ஏரி தெரிகிற இடத்தில் அவளால் தாங்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

இறங்கியதும் பீவி கூடையை வாங்கி வைக்கோலை விலக்கிப் பார்த்தார். ஒன்றுகூட உடையவில்லை. "நல்லாப் புடிச்ச. நாளைக்கும் வருவேன்" என்றார். அவன் மறுநாளிலிருந்து முன்வாசல் பக்கமே வரவில்லை. பின் படியில் தொங்கினான். பீவியிடம் இதைப் பற்றி நான் பாராட்டாக ஏதோ சொல்லப்போக, "நீ பாத்த இல்ல தம்பி?" என்று மட்டும் கேட்டார். அன்று ஆபீஸில் எனக்கு வேலை ஓடவில்லை.

மார்க்கெட்டில் முட்டையை இறக்கிவிட்டு அவர் நேரே கல்லூரிக்குப் போவார். வாசலில் புளியமரம் ஒன்று இருக்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து, மணி அடித்ததும் எத்தனை வாத்தியார் வகுப்புக்குள் போகிறார்கள், யார் எத்தனை நேரம் கழித்து வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பார். காவலாளி முதல் நாள் விரட்டினார். இரண்டாம் நாள் எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மூன்றாம் நாள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பெண் பிள்ளைகளை நிறுத்தி, "இங்க கணக்கு யாரும்மா எடுக்கறது, புரியிற மாதிரி எடுக்கறாங்களா, கக்கூசு எங்க கீது, அது சுத்தமா கீதா?" என்று விசாரித்தார். கடைசிக் கேள்வியை எந்த மாமாவும் கேட்டிருக்க மாட்டார். பதினோராம் நாள் மாலை என்னிடம், "கட்டடம் சின்னது. கண்ணாடி பீரோ கம்மி. ஆனா கணக்கு வாத்தியாரு மணி அடிச்சப்பறம்கூட வெளிய வரல தம்பி. பசங்க நாலு பேரு சுத்தி நின்னுகினு கேட்டுகினே கீறாங்க, இவரு போர்டுல போட்டுகினே கீறாரு" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய சரோஜாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். பின்கட்டில் பெரிய அலுமினியத் தட்டில் தண்ணீர் வைத்து, சந்தேக முட்டைகளை மிதக்கவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். சுராயா ஒல்லியான பெண், பேச்சும் ஒல்லி. பென்சிலால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தவளைப் பீவி திடீரென்று நிறுத்தினார்.

"தே சுராயா. நான் பாத்தது நான் பாத்தது. என் மூஞ்சியப் பாத்துப் பேசாத. உனுக்கு இன்னா வேணும்?"

அவள் சரோஜாவைப் பார்த்தாள். சரோஜா வாயைத் திறக்கவில்லை. வகுப்பில்கூட அவள் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேள்விப்பட்டதில்லை.

"மெட்ராஸ் காலேஜுதாம்மா பெருசு. அங்க படிக்க ஆசைதான்" என்றாள் சுராயா. "ஆனா மாமு வூட்டுச் சோத்த நாலு வருஷம் துன்னுட்டு, அப்பால உங்க புள்ள வேணாம்னு எந்த வாயால சொல்லுவேன்? வேணாம்னு சொல்லப்போறேன்னு இப்ப சொல்லல. வேணும், வேணாம்னு சொல்ல எனுக்கு ஒரு வாய் இருக்கணும். டீச்சரே சொன்னாங்க, ரெண்டு காலேஜும் ஒரே யுனிவர்சிட்டிதான், ஒரே கேள்வித்தாள்தான். நான் தெனம் நம்ம வூட்லேர்ந்து போயிட்டு, நம்ம வூட்டுக்கே வரேன்."

பீவி கையிலிருந்த முட்டையைத் தண்ணீரில் விடாமல் வைத்துக்கொண்டே இருந்தார். "உங்க அத்தா மவுத்தான அன்னிக்கு எங்க அண்ணன் செருப்பு போடாம ஓடியாந்தாரும்மா. மண்ணடிலேர்ந்து அப்டியே. அவரு மனசு ஒடையும். அத நான் எந்த வண்டில ஏத்துனாலும் ஒடையும்" என்றார். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐந்து வருஷத்தில் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எளுதும்மா. செங்கல்பட்டுன்னே எளுது. மையில எளுது" என்றார்.

கடைசித் தேதிக்கு முதல் நாள் ஷஃபியுல்லா வந்தார். பாதுஷாப் பொட்டலம், தங்கைக்கு ஒரு சேலை, சுராயாவுக்குக் கல்லூரிக்கு எடுத்துப் போகத் தோல் பை. பையைப் பார்த்ததும் பீவிக்குச் சொல்ல வாய் வரவில்லை என்று சரோஜா சொன்னாள். அவள் அப்போது அங்கே இருந்தாள். சொல்லத்தான் வேண்டியிருந்தது. அண்ணன் கோபக்காரர் இல்லை. நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"ரோஷனு, நான் இன்னா கொற வச்சேன்?"

"ஒரு கொறையும் வக்கில அண்ணே."

"அப்ப எம்மவன் மேல கொறையா?"

"அவனும் தங்கமான புள்ள. அவ படிச்சி முடிக்கட்டும். அப்பால நீ கேளு. அவ சொல்லட்டும்."

"பொண்ணு சொல்லி நான் கேக்கணுமா?" என்றவர், விண்ணப்பத்தை மடித்துத் தங்கையிடமே கொடுத்துவிட்டார். "இதுல என் கையெழுத்து வுழாது ரோஷனு. நீயே பாத்துக்க." பீவி வைத்த டீயை மட்டும் முழுதும் குடித்தார். கோபத்திலும் தங்கை வீட்டு டீயை மீதி வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ஏழேகால் வண்டியில் பீவி, சுராயா, ஷஃபியுல்லா, நான் என்று நான்கு பேரும் போனோம். ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் சொல்ல என்னையும் கூட வரச்சொல்லியிருந்தார் பீவி. ஷஃபியுல்லா செங்கல்பட்டில் மெட்ராஸ் ரயில் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. முதல் தடவையாக பீவியிடம் கூடை இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விண்ணப்பத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ரயிலுக்கு நேரம் இருந்தும் இல்லாமலும், ஷஃபியுல்லா எங்களோடு கல்லூரி ஆபீஸ் வரை வந்துவிட்டார். கடைசி நிமிஷத்தில் தங்கை மனம் மாறுவாள் என்று அவர் நினைத்திருக்கலாம்.

கல்லூரிக் குமாஸ்தா தாளைப் புரட்டி, மார்க்கைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "நல்ல பொண்ணும்மா" என்றார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "கார்டியன் கையெழுத்து இல்லையே. அப்பா எங்க?"

"இல்லீங்க. மவுத்தாயிட்டாரு."

"இவரு?"

"மாமா" என்றேன் நான். ஷஃபியுல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குமாஸ்தா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். என்னைப் போல் அவரும் ஆபீஸ்காரர்தானே, விஷயம் புரிந்துவிட்டது. "அம்மா போடலாமே. பெத்தவங்கதானே முதல்ல" என்று சொல்லி, கைநாட்டு வைக்க மை டப்பாவைத் திறந்து பீவியின் பக்கம் நகர்த்தினார். எனக்குத் தெரிந்து எந்த ஆபீஸிலும் அவருக்கு வேறெதையும் யாரும் நீட்டியதில்லை. அண்ணன் இல்லாத இடங்களில் கட்டை விரல்தான்.

பீவி மை டப்பாவை மூடினார். அண்ணனிடம் போய், அவருடைய சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவர் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மேஜைக்குத் திரும்பி வந்து, கோட்டின் வலது கோடியில் பேனாவை ஊன்றி, இடது பக்கமாக எழுதத் தொடங்கினார். குமாஸ்தாவும் நானும் குனிந்து பார்த்தோம். சுராயா மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"இன்னாம்மா இது? எந்த பாஷை?" என்றார் குமாஸ்தா.

"தமிள்தாங்க. எளுத்துதான் அரபி. சின்ன வயசுல ஓதப் போன எடத்துல கத்துக்குடுத்தது. தமிள அதுலதான் நாங்க எளுதுவோம்."

குமாஸ்தா தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். ஏற்றுக்கொள்ளத் தயார்தான், ஆனால் நாளைக்கு மேலே யாராவது கேட்டால் என்ன சொல்வது? "இதுல இன்னா எழுதியிருக்குன்னு யாராவது படிச்சுச் சொன்னா, பக்கத்துல நான் தமிழ்ல குறிச்சிக்குவேன்" என்றார். பீவியே சொல்லியிருக்கலாம். அவர் பேசாமல் நின்றார். சுராயா வாயெடுத்தாள், அம்மா அவள் கையைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டாள்.

ஜன்னலில் நின்றவர் மெல்லத் திரும்பினார். அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் ஒரே இடத்தில், ஒரே பாயில் உட்கார்ந்து ஓதியவர்கள். மேஜைக்கு வந்து, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளின் மேல் குனிந்தார். படிக்க வேண்டியது ஒரு வரிதான். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம்.

"ரோஷன் பீவி. சுராயாவுக்குத் தாய், கார்டியன்" என்று உரக்கப் படித்தார்.

குமாஸ்தா பக்கத்தில் குறித்துக்கொண்டு முத்திரை குத்தினார். பீவி பேனாவின் மூடியைத் திருகி, முந்தானையில் ஒரு தரம் துடைத்து, அண்ணனின் சட்டைப்பையில் திரும்பச் செருகினார்.